தன்னைப் பற்றிய சாட்சியம்

பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரத்தில் ஓரிரவு, இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பினேன். தல்லாகுளத்தில் தையற்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் மகளுடன் திண்ணையில் காத்திருந்தார். ஆறு வயது முதல் பதினைந்து வயது வரை மக்தபில் என்னிடம் ஓதிய பெண் அவள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். உயிரியல் படிப்பதற்காக வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள் என்றும், விண்ணப்பத்தோடு ஒரு பக்க அளவில் தன்விவரக் குறிப்பும் கேட்கிறார்கள் என்றும் நண்பர் சொன்னார்.

“ஹஜ்ரத் ஒரு தடவை பார்த்து, துஆச் செய்து கொடுத்தீங்கன்னா அனுப்பிடுவோம்” என்றார்.

நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய வழக்கம். இங்கே பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் மதிப்பெண் பட்டியலே மாணவனுக்காகப் பேசுகிறது. பொறியியல் படிப்புக்கும் 2007-ஆம் ஆண்டு முதல் நுழைவுத் தேர்வு இல்லாமற் போய், பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. வேறு சில இடங்களிலோ, ‘மதிப்பெண் இருக்கட்டும், நீ யார்?’ என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் இது வேரூன்றிய முறை. அங்கே 1975-இல் பதினைந்து கல்லூரிகள் கூடி உருவாக்கிய பொது விண்ணப்பத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. மாணவன் தன் ஈடுபாடுகளை எழுத அதில் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகளே அனுமதி. அந்த வழக்கத்தின் சாயல் இப்போது நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கும் வந்திருக்கிறது.

தாளை வாங்கிப் பார்த்தேன். அண்டையிலுள்ள கணினி மையம் ஒன்றில் அழகாக அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். மாநில அளவிலான பேச்சுப் போட்டியில் முதற்பரிசு, நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுத் தொண்டு, புகைப்படக் கலையில் ஈடுபாடு என்று வரிசையாக இருந்தன.

“பேச்சுப் போட்டி எந்த ஊரில் நடந்தது, மகளே?”

அவள் தலை குனிந்தாள். “அது அங்கே இருந்த மாதிரித் தாளில் இருந்தது ஹஜ்ரத். எல்லாரும் இப்படித்தான் போடுவாங்கன்னு சொன்னாங்க. எனக்கு எழுத ஒண்ணுமே இல்லையே.”

தாளின் அடியில் வழக்கமான உறுதிமொழி இருந்தது. மேலே கூறியவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்பது அதன் கருத்து. அதன் கீழே இடம், நாள், கையெழுத்து. கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. நான் அங்கே விரலை வைத்துக் காட்டினேன். “மேலே உள்ளதை யாரோ எழுதினார்கள். இங்கே எழுதப்போவது நீ. இது ஷஹாதத், மகளே. சாட்சி சொல்வது.”

அவள் வீட்டை நான் அறிவேன். ஆகவே எழுத ஒன்றுமில்லை என்ற சொல்லை ஏற்க மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அத்தாவின் கடைக்கணக்கை அவள்தான் எழுதுகிறாள். துணி கொடுத்தவர் யார், முன்பணம் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று நான்கு ஆண்டுகளின் பேரேடுகள் அவள் கையெழுத்தில் இருக்கின்றன. அவளுடைய நன்னிமா சர்க்கரை நோயால் படுக்கையில் கிடந்த பதினான்கு மாதங்களும் நாளைக்கு இருமுறை சர்க்கரையின் அளவைச் சோதித்து, உண்ட உணவையும் சேர்த்து நோட்டில் குறித்து வந்தாள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் இன்சுலின் அளவை மாற்றினார். இவற்றுள் ஒன்றும் அந்தத் தாளில் இல்லை. வீட்டு வேலை கணக்கில் சேராது என்று அவள் நினைத்திருந்தாள். நான் மேலே சொன்ன அமெரிக்கப் பொது விண்ணப்பத்திலேயே ஈடுபாடுகளின் வகைகளுள் குடும்பப் பொறுப்பு என்றும், ஊதியம் பெறும் வேலை என்றும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி அவளுக்கு வியப்பாக இருந்தது.

வேறொன்றும் அந்தத் தாளில் இல்லை. ஒன்பது ஆண்டுகள் ஓதியதும், ஐந்து ஜுஸ்வுகளை மனனம் செய்ததும், பிளஸ் ஒன் தொடங்கிய நாள் முதல் மாலைதோறும் ஒரு மணி நேரம் பதினெட்டுச் சிறுவர்களுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்ததும் விடுபட்டிருந்தன. ஏன் என்று கேட்டேன். அவள் அத்தாவைப் பார்த்தாள்.

“நான்தான் வேண்டாம்னு சொன்னேன் ஹஜ்ரத்” என்றார் நண்பர் தாழ்ந்த குரலில். “மதரஸான்னு பார்த்ததும் தாளை ஒதுக்கிட்டா? காலம் ஒரு மாதிரி இருக்கு.”

அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. எள்ளுவதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. அதற்குரிய காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில், தன்னைப் பற்றித் தானே எழுதுதல் தகுமா என்ற கேள்வியைப் பார்ப்போம். ஏனெனில், அந்தப் பெண்ணின் நாவைக் கட்டியது அச்சம் மட்டுமன்று. தன் செயலைத் தானே சொல்வது அடக்கமின்மை என்று நாம்தான் அவளுக்குப் போதித்திருக்கிறோம்.

அந்தப் போதனைக்கு ஆதாரம் உண்டு. உங்களை நீங்களே தூயவர்களெனக் கூறிக்கொள்ள வேண்டாம் என்னும் கருத்து அந்நஜ்ம் அத்தியாயத்தின் 32-ஆம் வசனத்தில் வருகிறது. ஆயினும், யூஸுஃப் நபி (அலை) அவர்கள் எகிப்தின் அரசரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்ற செய்தியும் அதே திருக்குர்ஆனில், யூஸுஃப் அத்தியாயத்தின் 55-ஆம் வசனத்தில் இருக்கிறது. அவ்விடத்தில் அவர்கள் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்டவை இரண்டே: பேணிக் காப்பவர், அறிந்தவர். நபியின் மகன் என்றோ நபியின் பேரன் என்றோ அங்கே கூறவில்லை. களஞ்சியத்துக்கு எவை தேவையோ அவற்றையே கூறினார்கள்.

மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றில் மற்றொரு முறையைக் காண்கிறோம். அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்தவர் ஒரு பெண். வலிமையும் நம்பகமும் உடையவர் என்று அவர் சொன்னதாக அல்கஸஸ் அத்தியாயத்தின் 26-ஆம் வசனம் காட்டுகிறது. அது வெறும் புகழுரையன்று. தம் ஆடுகளுக்கு மூஸா நபி நீர் புகட்டியதைக் கண்ணால் கண்டவரின் சொல். அதே இரண்டு தகுதிகளை அந்நம்ல் அத்தியாயத்தில் இஃப்ரீத் என்னும் ஜின்னும் தனக்கு உரிமையாக்கிக் கொள்கிறது. ஆனால், அரியணையைக் கொண்டுவந்தது அதுவன்று. வேத அறிவு பெற்றிருந்த வேறொருவர். தகுதிச் சொற்கள் யாருக்கும் கிடைக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு செயலும் அதைக் கண்ட ஒருவரும் இருந்தாக வேண்டும்.

நம் தமிழ் இலக்கணமும் இதில் பின்தங்கவில்லை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரம், எத்துணைத் துறைகளில் வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலில் விலக்குகிறது. அடுத்த நூற்பாவிலேயே அது தகும் இடங்கள் நான்கைச் சொல்கிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடத்தில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த காலத்தில். இவற்றுள் முதல் இரண்டும் இன்றைய தன்விவரக் குறிப்புக்கு அப்படியே பொருந்துவதைக் காணுங்கள். விண்ணப்பம் என்பது ஓலை. அதைப் படிப்பவர் நம் ஆற்றலை அறியாதவர்.

அதே பாயிரம், நூலாசிரியனைச் சிறப்பித்துப் பாயிரம் செய்வதற்கு உரியவர்கள் அவன் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்றும் கூறுகிறது. இக்காலக் கல்லூரிகள் கேட்கும் பரிந்துரைக் கடிதம் இதுவே. ஆகவே, தன்னை அறியாதார்க்குத் தன் செயலை அளவோடு கூறுதல் நம் மார்க்கத்துக்கும் நம் மொழிக்கும் அயலானதன்று.

நிற்க. என் தகுதியின்மையைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன்.

நான் 1981-இல் மதரஸாவில் சேர்ந்து 1988-இல் ஸனது பெற்றேன். மீஸானில் தொடங்கி அல்ஃபிய்யா, ஜலாலைன், மிஷ்காத் எனக் கடந்து புகாரி ஷரீஃபில் முடிந்த ஏழு ஆண்டுகள் அவை. இடையே தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வுகளையும் எழுதினேன். ஸனது பெற்ற அதே ஆண்டு, பி.ஏ. தமிழ் படிக்க ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். பள்ளியை விட்டு நின்ற காலத்தில் என்ன செய்தீர் என்று விண்ணப்பத்தில் ஓர் இடம் இருந்தது. தலைப்பாகையும் தாடியுமாக ஒரு மௌலவியைத் தமிழ் வகுப்பில் ஏற்பார்களோ என்று எனக்குள் அச்சம். விடுமுறை நாள்களில் என் அத்தாவின் மளிகைக் கடையில் நான் நின்றது உண்டு. ஆகவே, ‘தந்தையாரின் கடையில் உதவி’ என்று எழுதினேன். இடம் கிடைத்தது.

அந்த மகிழ்ச்சியில் இனிப்பு வாங்கிக்கொண்டு என் உஸ்தாதைப் பார்க்கச் சென்றேன். என்னை மகன் போல் நடத்தியவர்கள். பார்வை மங்கிய காலத்திலும் என் உச்சரிப்பைத் திருத்தியவர்கள். “நீ ஓதின கிதாபுகளைப் பத்திக் கேட்டாங்களா?” என்று ஆவலோடு கேட்டார்கள். “கேட்கல்லே ஹஜ்ரத்” என்றேன். அது உண்மை, யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி நான்தான் எழுதியிருந்தேன். அவர்கள் என் தலையில் கை வைத்து துஆச் செய்தார்கள். மூன்று ஆண்டுகளில் மறைந்தும் போனார்கள். அல்லாஹ் அவர்களின் கப்றை ஒளியாக்கி வைப்பானாக!

ஹதீஸ் கலையில் தத்லீஸ் என்று ஒரு குறை உண்டு. அறிவிப்பாளர் தமக்குச் செய்தி சொன்னவரின் பெயரை மறைத்து, மேலே உள்ளவரிடமிருந்தே அது வந்ததுபோலத் தோன்றும்படி கூறுவது அதன் ஒரு வகை. சொல்லளவில் பொய் இராது. ஆனால், கேட்பவர் ஏமாறுவார். ஹிஜ்ரி 160-இல் மறைந்த ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் அதை மிகக் கடுமையாகக் கண்டித்தவர். அந்தப் பாடத்தை எனக்கு விளக்கியவரின் பெயரையே நான் மறைத்திருந்தேன்.

நம் முன்னோர் ஒருவரது அறிவை எடைபோட்ட முறையை எண்ணிப் பாருங்கள். அல்மிஸ்ஸீ (மறைவு ஹிஜ்ரி 742) எழுதிய தஹ்தீபுல் கமால் முப்பத்தைந்து பாகங்களாக அச்சாகியிருக்கிறது. அதில் ஒவ்வோர் அறிவிப்பாளருக்கும் பெயர், ஊர், யாரிடம் கேட்டார், அவரிடம் யார் கேட்டார், அறிஞர்கள் அவரை எப்படி மதிப்பிட்டனர் என்ற வரிசையில் குறிப்பு உண்டு. ஸிகத் என்றால் நம்பகமானவர். ஸதூக் என்றால் வாய்மையாளர். மஜ்ஹூல் என்றால் அறியப்படாதவர். இன்றும் நம் ஆலிம்களின் பெயருக்குப் பின்னால் வரும் ஒரு சொல்லே சுருங்கிய தன்விவரக் குறிப்பு அல்லவா? பாகவி என்றால் வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர். மன்பஈ என்றால் லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர். மிஸ்பாஹி என்றால் நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் ஓதியவர். யாரிடம் கற்றோம் என்பதைப் பெயரோடு சுமந்து நடக்கும் சமுதாயம் நாம். அந்தச் சொல்லைத்தான் 1988-இல் நான் கழற்றி வைத்தேன்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடமும் அவள் தந்தையிடமும் அன்றிரவு சொன்னேன். என் பிள்ளைகளுக்குக்கூட அதுவரை சொன்னதில்லை. பிறகு சொன்னேன்: “எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும் என்பதில்லை, மகளே. கேட்காததையும் தேவையற்றதையும் விடலாம். விடுவது வேறு, மறைப்பது வேறு. நீ செய்தவற்றுள் சிறந்ததை, அது நடந்த இடத்துக்காக மறைத்தால், அது மறைப்பு. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்கு உள்ளாகிறது என்ற கருத்து அல்பகறா அத்தியாயத்தின் 283-ஆம் வசனத்தில் உள்ளது. கடன் கொடுக்கல் வாங்கல் பற்றிய இடம் அது. ஆனாலும் எனக்கு எப்போதும் என் விண்ணப்பத்தாளே நினைவுக்கு வரும். நீ உன் அத்தாவோடு பேசி முடிவு செய். எதை எழுதினாலும் என் துஆ உண்டு.”

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, “அந்தப் பதினெட்டுப் புள்ளைங்களையும் எழுதும்மா” என்றார்.

மறுநாள் அஸருக்குப் பின் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். எது முதலில் வர வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. ஓவியர் லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் நகரின் ஆட்சியாளருக்குத் தம் திறமைகளை வரிசைப்படுத்தி எழுதிய கடிதத்தின் படி ஒன்று கிடைத்திருக்கிறது. போர்க்காலப் பாலங்களும் பீரங்கிகளும் அதில் முன்னே நிற்கின்றன. ஓவியம் கடைசியில்தான் வருகிறது. படிப்பவருக்கு எது தேவையோ அதை முன்னே வைத்தார். உயிரியல் படிக்க விரும்பும் பெண்ணுக்கு நன்னிமாவின் நோட்டைவிடப் பொருத்தமான முதல் வரி ஏது? எனவே அது முதலில் வந்தது: பதினான்கு மாதங்கள், நாளைக்கு இருமுறை, அதைக் கொண்டு மருத்துவர் மருந்தின் அளவை மாற்றியது. அடுத்து மக்தப்: இரண்டு ஆண்டுகள், பதினெட்டுச் சிறுவர், நாள்தோறும் ஒரு மணி நேரம். பின்னர்க் கடைக்கணக்கு. அதன் பின் ஓதியதும் மனனம் செய்ததும். கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உடையவள் என்பன போன்ற சொற்களை அவளே அடித்துவிட்டாள். “அதெல்லாம் இஃப்ரீத் சொன்னது மாதிரி இருக்கு ஹஜ்ரத்” என்றாள்.

சான்று கூறுவோர் என்ற இடத்தில் பள்ளி ஆசிரியை ஒருவரின் பெயரும் என் பெயரும் வந்தன. பேச்சுப் போட்டி போயிற்று. புகைப்படக் கலை போயிற்று. தாள் முன்னைவிடச் சிறிதாயிற்று. கடைசியில் உறுதிமொழியின் கீழ் மதுரை என்று இடத்தையும் நாளையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

முடிவு என்னாயிற்று என்று வாசகர்கள் கேட்பீர்கள். கணினித் திரை வழியாக நேர்முகம் நடந்தது. எழுத்துகளைக் குழப்பிக்கொள்ளும் சிறுவனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பாய் என்று கேட்டார்களாம். ஸீனுக்குப் புள்ளி இல்லை, ஷீனுக்கு மூன்று புள்ளி என்பதைப் புளியங்கொட்டை வைத்துக் காட்டுவேன் என்றாளாம். இடம் கிடைத்தது, ஆனால், அவர்கள் தர முன்வந்த உதவித்தொகை போக மீதியைக் கட்டத் தையற்கடையின் வருமானம் போதவில்லை. இப்போது மதுரையிலேயே ஒரு கல்லூரியில், மதிப்பெண் பட்டியலைக் காட்டிச் சேர்ந்து உயிரியல் படிக்கிறாள். சில நாள் வீட்டில் வருத்தம் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தத் தாளை மட்டும் அவள் எறியவில்லை. புதிய வரிகளைச் சேர்த்து வருகிறாள்.

நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எட்டாம் வகுப்பை எட்டியதும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன செய்தார்கள், எந்த நாளில் தொடங்கினார்கள், எத்தனை பேருக்குப் பயன்பட்டது, கண்டவர் யார் என்பதை அவர்களே குறித்து வரட்டும். பரிசும் கோப்பையும் மட்டுமே எழுதத் தக்கவை என்று எண்ண வேண்டாம். கடையில் நின்றதும், நோயாளிக்குப் பணிவிடை செய்ததும், தம்பிக்குப் பாடம் சொன்னதும் செயல்களே. விண்ணப்பிக்கும் நாளில் மாதிரித் தாளைத் தேடி ஓட வேண்டியிராது. இல்லாததைச் சேர்க்கும் கை, உள்ளதை மறைக்கவும் தயங்காது என்பதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் பேச அழைத்தவர்கள் என்னைப் பற்றியும் ஒரு குறிப்புக் கேட்டார்கள். அந்தப் பெண்தான் எனக்குத் தட்டச்சு செய்து கொடுத்தாள். “முதல் வரி என்ன எழுதணும் ஹஜ்ரத்?” என்று கேட்டாள். 1981 முதல் 1988 வரை என்று சொல்லி, மதரஸாவின் பெயரையும், அதற்கு முன்னால் என் உஸ்தாதின் பெயரையும் எழுதச் சொன்னேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாமதமாயிற்று. அவர்கள் கேட்ட கேள்விக்கு அதுவே என் விடை. வல்ல நாயன் என் பிழையைப் பொறுத்து, நம் பிள்ளைகளின் நாவையும் எழுதுகோலையும் வாய்மையில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.